சியான் நகரில் குழுச் சுற்றுலா: சுடுமண் படையைப் பார்த்ததும் கிளம்பிவிடலாமா?

கோவை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து, ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வழியாகப் பெய்ஜிங், சியான், ஷாங்காய் ஆகிய மூன்று நகரங்களுக்கும் போவதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். குழுவில் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். வரலாறு கற்பித்தவர்களும் சிலர் இருக்கிறார்கள். நிறுவனம் அனுப்பிய பயணத் திட்டத்தில் சியானுக்கு ஒன்றரை நாள் மட்டுமே ஒதுக்கப்பட்டுள்ளது.

பெய்ஜிங்கிலிருந்து அதிவேக ரயிலில் மாலை சியான் வந்து சேர்கிறோம். மறுநாள் காலை, சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறையருகே புதைக்கப்பட்ட சுடுமண் படைவீரர்களின் அருங்காட்சியகம், பிறகு ஹுவாச்சிங் வெந்நீர் ஊற்று அரண்மனை, பிறகு “ஜேடு கல் கலை மையம்”, இரவில் விருந்தும் தாங் அரச மரபுக் காலத்து (கி.பி. 618–907) நடன நிகழ்ச்சியும். அடுத்த நாள் காலை நகர மதிலில் அரை மணி நேரம், பெரிய காட்டு வாத்துக் கோபுரத்தை “வெளியிலிருந்து பார்த்தல்”, உடனே விமான நிலையம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பல அரச மரபுகளுக்குத் தலைநகராக இருந்த ஊரை இப்படிக் கடந்துவிடுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. திட்டத்தை மாற்றித்தரச் சொல்வதற்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. எதைக் குறைக்கச் சொல்லலாம், எதைச் சேர்க்கச் சொல்லலாம் என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பினாங்கு நண்பர்

வணக்கம் ஐயா. இந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் சியானைச் சுடுமண் படைக்குப் போகும் வழியில் இரவு தங்கும் இடமாகவே கருதியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. பெரும்பாலான குழுச் சுற்றுலாக்கள் இப்படித்தான் அமைகின்றன. படைவீரர்கள் இருப்பது நகரத்தில் அல்ல. நகரத்திற்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், லின்டாங் பகுதியில். அதற்குப் பாதி நாள் போய்விடும், அதைத் தவிர்க்கவும் முடியாது. மீதமுள்ள நேரம் முழுவதும் நகரத்துக்கே கிடைக்க வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து.

நகரத்தைப் பார்ப்பதற்கு முன் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. இன்று நாம் காணும் மதில், மிங் மரபின் முதல் பேரரசர் காலத்தில், 1370-களில் எழுப்பப்பட்டது. சுற்றளவு ஏறத்தாழ 13.7 கிலோமீட்டர், உயரம் 12 மீட்டர். மேற்பரப்பு ஒரு பேருந்துச் சாலையைவிட அகலமானது. இவ்வளவு பெரிய மதிலும், தாங் காலத்தில் சாங்கான் என்று பெயர்பெற்றிருந்த இதே நகரத்தின் அரசு அலுவலக வளாகம் இருந்த பகுதியை ஒட்டியே எழுந்திருக்கிறது. பழைய சாங்கானின் பரப்பு ஏறத்தாழ 84 சதுர கிலோமீட்டர் என்பதால், இன்றைய மதிலுக்குள் அடங்குவது அதில் ஏழில் ஒரு பங்கு அளவுதான். நேர்கோட்டுத் தெருக்களால் நூற்றுக்கு மேற்பட்ட பேட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு பெரிய சந்தைகளோடு அந்த நகரம் விளங்கியது. பெரிய காட்டு வாத்துக் கோபுரம் இன்று மதிலுக்கு வெளியே, தெற்கே தொலைவில் நிற்கிறது. ஆனால் அது கட்டப்பட்ட நாளில் நகரத்துக்குள்தான் இருந்தது. தெற்கு வாசலான யோங்நிங் மேலே ஏறி நின்று, அந்தக் கோபுரம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை வழிகாட்டி சொல்லக் கேட்டால்தான் சாங்கானின் அளவு பிடிபடும்.

எனவே மதிலுக்கு அரை மணி நேரம் போதவே போதாது. படிகளில் ஏறி, நுழைவுச்சீட்டுக் காட்டி, ஒரு படம் எடுப்பதற்குள் அரை மணி நேரம் கரைந்துவிடும். குறைந்தது ஒன்றரை மணி நேரம் கேளுங்கள். மேலே வாடகை மிதிவண்டியும் பேட்டரி வண்டியும் கிடைக்கின்றன. முழுச் சுற்றும் வர இயலாதவர்கள், தெற்கு வாசலிலிருந்து கிழக்கே வென்சாங் வாசல் வரை மெல்ல நடந்தாலே போதும். அங்கே கீழே இறங்கினால் கல்வெட்டுக் காடு அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது.

சென்னை ஒருங்கிணைப்பாளர்

நான் பல ஆண்டுகளாகக் குழுப் பயணங்களை ஒருங்கிணைத்துவருபவன் என்பதால், இந்தத் திட்டம் ஏன் இப்படி அமைந்திருக்கிறது என்பதைச் சொல்வது பயன்படும். விற்பனைக் கட்டணத்தைக் குறைவாகக் காட்டுவதற்காக, அங்குள்ள உள்ளூர் முகவருக்குக் கொடுக்கும் தொகையைக் குறைக்கும் வழக்கம் இத்தொழிலில் உண்டு. அந்த இழப்பை உள்ளூர் முகவர் கடைகளிலிருந்து கிடைக்கும் தரகுத் தொகையால் ஈடுகட்டுகிறார். ஜேடு மையம், பட்டு மையம், தேநீர்ச் செயல்விளக்கம் என்று திட்டத்தில் இடம்பெறுபவை பெரும்பாலும் இவ்வகைக் கடைகளே.

சீனாவில் 2013 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள சுற்றுலாச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு, நியாயமற்ற குறைந்த கட்டணத்தைக் காட்டி ஆள் சேர்த்து, குறிப்பிட்ட கடைகளுக்கு அழைத்துச்சென்று ஆதாயம் பெறுவதைத் தடைசெய்கிறது. பயணிகளே கேட்டுக்கொண்டாலோ, இரு தரப்பும் ஒப்புக்கொண்டாலோ அழைத்துச் செல்லலாம். அப்போதும் மற்றப் பயணிகளின் நிகழ்ச்சி நிரல் பாதிக்கப்படக் கூடாது. எனவே திட்டத்தில் எழுதியிருப்பதை நீங்கள் அப்படியே ஏற்றுக் கையெழுத்திட்டால், அது உங்கள் ஒப்புதலாகவே கொள்ளப்படும். கையெழுத்திடுவதற்கு முன்பே, கடைகள் வேண்டாம் என்றும் அதற்காகக் கட்டணம் ஓரளவு கூடினாலும் சம்மதம் என்றும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நேர்மையான நிறுவனம் எதுவும் இதற்கு மறுப்புச் சொல்லாது.

இன்னொன்று. “வெளியிலிருந்து பார்த்தல்” என்ற சொற்றொடர் வரும் இடங்களிலெல்லாம் நுழைவுக் கட்டணம் திட்டத்தில் சேர்க்கப்படவில்லை என்று பொருள். பேருந்து ஓரமாக நிற்கும், படம் எடுத்துக்கொண்டு ஏறிவிட வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் நேராக “நுழைவுச்சீட்டு உட்பட” என்று எழுதச் சொல்லுங்கள்.

முக்கிய இடங்களின் சீட்டுகள் கடவுச்சீட்டு எண்ணோடு பெயர்வாரியாக முன்பதிவு செய்யப்படுகின்றன. நுழைவாயிலில் அசல் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும் என்பதால் அதை விடுதியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஷான்ஷி வரலாற்று அருங்காட்சியகத்தில் பொதுக் காட்சிக்கூடங்களுக்குக் கட்டணம் இல்லை; ஆனால் நாள்தோறும் குறிப்பிட்ட அளவு சீட்டுகளே தரப்படுவதால், வெளியான சிறிது நேரத்திலேயே அவை தீர்ந்துபோகின்றன. திங்கட்கிழமை விடுமுறை. உங்கள் சியான் நாள் திங்களில் விழுகிறதா என்பதை முதலில் பாருங்கள். மே மாதத்தின் முதல் வாரத்தையும் அக்டோபர் முதல் வாரத்தையும் எப்படியாவது தவிர்த்துவிடுங்கள். நாடு முழுவதும் விடுமுறை என்பதால் அந்நாள்களில் கூட்டத்துக்குள் நகரவே முடியாது.

மதுரை வாசகி

நண்பர்கள் சொல்வது சரியே. ஆயினும் நகரத்துக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்பதற்காகச் சுடுமண் படையைச் சுருக்கிவிடக் கூடாது என்று நான் வலியுறுத்த விரும்புகிறேன். அங்கே படைவீரர்கள் இருக்கும் குழிகள் மூன்று. போகும் குழுக்கள் பெரும்பாலும் முதல் குழியின் முன்புறத் தடுப்புக் கம்பியில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் ஓட்டமாகப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றன. இது பெரிய இழப்பு.

1974 மார்ச் மாதம் உழவர்கள் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டது முதல் குழி. ஏறத்தாழ 230 மீட்டர் நீளமும் 62 மீட்டர் அகலமும் கொண்டது. முழுவதும் தோண்டினால் ஆறாயிரம் உருவங்கள் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். முன்வரிசையில் அணிவகுத்து நிற்பவர்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பாமல், பக்கவாட்டு நடைபாதையில் பின்கோடி வரை நடந்து செல்லுங்கள். அங்கேதான் உடைந்த துண்டுகளைச் சேர்த்துப் படைவீரர்களை மறுபடி நிறுத்தும் வேலை நடக்கிறது. தலையில்லாத உடல்களும், எண்ணிட்ட துண்டுகளும், கட்டுப்போட்ட கால்களும் வரிசையாக இருக்கும். நாம் வியந்து பார்க்கும் அணிவகுப்பு, மண்ணிலிருந்து முழு உருவமாக வந்ததல்ல, பல்லாண்டு உழைப்பில் துண்டு துண்டாகச் சேர்க்கப்பட்டது என்பது அங்கே நின்றால்தான் உறைக்கும். உருவங்கள் அனைத்தும் ஒரு காலத்தில் வண்ணம் தீட்டப்பட்டிருந்தன. அடியில் பூசிய அரக்குப் பூச்சு, தோண்டி எடுத்தவுடன் காற்றில் உலர்ந்து சுருண்டு, சில நிமிடங்களிலேயே வண்ணத்தோடு உதிர்ந்துவிடுகிறது. பெரும்பகுதியைத் தோண்டாமல் விட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் குழியில் கண்ணாடிப் பெட்டிக்குள் மண்டியிட்ட வில்வீரன் ஒருவன் இருக்கிறான். கூட்டம் முகத்தைத்தான் பார்க்கும். நீங்கள் பின்பக்கம் சென்று, நிமிர்ந்து நிற்கும் வலது பாதத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். காலணியின் அடியில் தையல் புள்ளிகள், முன்பாதத்திலும் குதிகாலிலும் நெருக்கமாகவும் நடுவில் விலகியும் செதுக்கப்பட்டிருக்கின்றன. தரையில் அழுந்தித் தேயும் இடத்தில்தானே தையல் நெருக்கமாக வேண்டும்! மண்ணுக்குள் புதைக்கப்போகும் ஓர் உருவத்தின் பாதத்தடியில் இதைக் கவனித்துச் செய்த கைவினைஞரை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

ஒரே நுழைவுச்சீட்டில் லிஷான் பூங்காவும் அடங்கும். 1980-இல் கண்டெடுக்கப்பட்ட வெண்கலத் தேர்கள் இரண்டும் இப்போது அங்கே 2021-இல் திறந்த தனிக் காட்சியகத்தில் இருக்கின்றன. இரண்டு வளாகங்களுக்கும் இடையே இலவசப் பேருந்து ஓடுகிறது. குழு வழிகாட்டிகள் நேரம் போதாது என்று இதை விட்டுவிடுவார்கள். அந்தத் தேர்களைப் பார்க்காமல் வராதீர்கள். சின் ஷி ஹுவாங்கின் சமாதி மேடும் அந்தப் பூங்காவில்தான் உள்ளது. கி.மு. 210-இல் இறந்த அந்தப் பேரரசரின் கல்லறை இன்னும் திறக்கப்படவில்லை. உள்ளே பாதரசத்தால் ஆறுகளும் கடலும் அமைத்தார்கள் என்று பண்டைய சீன வரலாற்றாசிரியர் சீமா சியான் எழுதிவைத்திருக்கிறார். மேட்டின் மண்ணிலும் பாதரசம் இயல்புக்கு மிகுதியாக இருப்பதை அளவீடுகள் காட்டியுள்ளன.

நேரம் வேண்டுமானால் ஜேடு மையத்தோடு ஹுவாச்சிங்கையும் விட்டுவிடலாம். 1936 டிசம்பர் 12 அன்று அன்றைய சீனத் தலைவர் சியாங் காய்ஷேக் சிறைபிடிக்கப்பட்ட இடம் என்ற வகையில் நவீன வரலாறு படித்தவர்களுக்கு அது முக்கியம்தான். இருந்தாலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் வெண்கலத் தேர்களையே சொல்வேன்.

காஞ்சி ஆர்வலர்

பெரிய காட்டு வாத்துக் கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வருவது தமிழ்நாட்டிலிருந்து போகும் குழுவுக்குச் சற்றும் பொருந்தாது. அந்தக் கோபுரம் யுவான் சுவாங் கொண்டுவந்த சுவடிகளையும் திருவுருவங்களையும் பாதுகாப்பதற்காகவே 652-இல் கட்டப்பட்டது. அந்த யுவான் சுவாங், பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில் நம் காஞ்சிபுரத்துக்கு வந்தவர். நூற்றுக்கு மேற்பட்ட விகாரைகளும், பதினாயிரம் துறவிகளும், எண்பது அளவிலான தேவ ஆலயங்களும் திராவிட நாட்டில் இருந்தன என்றும், நாளந்தாவின் பேராசிரியர் தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்றும் பதிவு செய்திருக்கிறார். இங்கிருந்து கடல் கடந்து இலங்கைக்குப் போக எண்ணியிருந்த அவர், அங்கே அரசர் இறந்து பஞ்சமும் குழப்பமும் நிலவுவதாக அங்கிருந்து வந்த துறவிகளே சொன்னதால் அந்த எண்ணத்தைக் கைவிட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. காஞ்சியிலிருந்து திரும்பி, 645-இல் சாங்கானை அடைந்தபோது அவரிடம் 657 நூல்கள் இருந்தன. இறக்கும் வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மொழிபெயர்ப்பிலேயே ஈடுபட்டு, 75 நூல்களை முடித்தார். வரலாற்று ஆசிரியர்கள் இருக்கும் குழு இந்த இடத்தைப் பேருந்துச் சன்னல் வழியே பார்த்துவிட்டுப் போகலாமா?

கோபுரம் நிற்கும் பௌத்தக் கோயில் வளாகத்துக்கு ஒரு சீட்டு, கோபுரத்தில் ஏறுவதற்குத் தனிச் சீட்டு. உயரம் 64 மீட்டருக்குச் சற்று மேல், ஏழு நிலைகள், உள்ளே படிகள் மட்டுமே. ஏற இயலாதவர்கள் வருந்த வேண்டியதில்லை, ஏனெனில் மிக அரியவை அடித்தளத்திலேயே இருக்கின்றன. தெற்கு வாசலின் இருபுறமும் மாடங்களில் இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. 653-இல் சூ சுய்லியாங் என்ற பெரும் எழுத்துக்கலைஞரின் கையெழுத்தில் பொறிக்கப்பட்டவை. ஒன்று பேரரசர் தாய்சோங் யுவான் சுவாங்கின் மொழிபெயர்ப்புகளுக்கு எழுதிய முன்னுரை. மற்றது, அந்த முன்னுரை எழுதப்பட்டபோது இளவரசராக இருந்த காவோசோங் அதைப் பற்றி எழுதியது. ஒன்று வலமிருந்து இடமாகவும், மற்றது இடமிருந்து வலமாகவும் செல்லும்படி பொறித்திருக்கிறார்கள். நடுவில் வாசலை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நிற்பதுபோல் அமைகின்றன. மேற்கு வாசலின் மேற்கல்லில் நுண்ணிய கோடுகளால் வரைந்த புத்தர் அவையும் உண்டு. அதில் காணும் மரக் கட்டடம், தாங் காலக் கட்டடக்கலையை ஆய்பவர்களுக்கு இன்றும் முதன்மைச் சான்று.

இரவில் வடக்குச் சதுக்கத்தில் நடக்கும் நீரூற்றுக் காட்சிக்கு ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். அதைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் கோயிலின் வாயில் மாலையில் அடைத்துவிடுவார்கள், முன்கூட்டியே உள்ளே போய்வாருங்கள்.

கோவை வாசகர்

இத்தனை விளக்கமாக எழுதிய அனைவருக்கும் குழுவின் சார்பில் நன்றி. கடைகளை நீக்கித்தருமாறு நிறுவனத்துக்கு எழுதிவிட்டோம். காட்டு வாத்துக் கோபுரத்துக்கு உள்நுழைவும் கேட்டிருக்கிறோம். இன்னும் இரண்டு ஐயங்கள். குழுவில் சிலருக்கு மூட்டுவலி உண்டு; பாதிப் பேர் சைவ உணவினர். இவற்றுக்கு என்ன செய்வது?

சிங்கை வாசகி

நடையைப் பொறுத்தவரை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: சியானில் நடக்காமல் எதையும் பார்க்க முடியாது. சுடுமண் படை வளாகத்தில் நுழைவாயிலிலிருந்து குழிகள் வரையே நல்ல தூரம். கட்டணம் செலுத்திப் பேட்டரி வண்டியில் போகலாம். வெளியே வரும் வழி நீண்ட கடைத்தெரு வழியாகச் செல்கிறது. முதியவர்களை அங்கே தேங்கவிடாமல், பேருந்து நிற்கும் இடத்தை வழிகாட்டியிடம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோபுரத்தில் ஏறுவதை மூட்டுவலி உள்ளவர்கள் விட்டுவிடலாம்.

உணவுக்கு வருவோம். சியானின் புகழ்பெற்ற உணவுகளில் பல ஆட்டிறைச்சி சார்ந்தவை. பாவ்மோ என்பதில் கெட்டியான ரொட்டியை நாமே சிறு துண்டுகளாகப் பிய்த்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுக்க வேண்டும், சமையலறையில் அதை ஆட்டுச் சாற்றில் கொதிக்கவைத்துக் கொண்டுவருவார்கள். அசைவ உணவினர் கட்டாயம் உண்டு பார்க்கலாம். சைவர்களுக்கு லியாங்பி என்ற குளிர்ந்த பட்டை நூடுல்ஸ் ஏற்றது. மிளகாய் எண்ணெயும் காடியும் சேர்த்துத் தருவார்கள். பேரீச்சை போன்ற இலந்தைக் கனிகளோடு அவித்த ஒட்டரிசி இனிப்பும், சீமைப் பனிச்சைப் பழத்தில் செய்து எண்ணெயில் பொரித்த பணியாரமும் தெருவிலேயே கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: “இறைச்சி இல்லை” என்று சொன்னால் இறைச்சித் துண்டுகளை மட்டும் விலக்கிவிட்டு, சாற்றையும் கொழுப்பையும் அப்படியே விட்டுவிடும் சமையலறைகள் உண்டு. இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் ஆகாது என்று சீன எழுத்தில் எழுதிய அட்டையை ஒவ்வொருவரும் சட்டைப்பையில் வைத்திருங்கள். வழிகாட்டியே எழுதித் தருவார்.

முஸ்லிம் பேட்டைக்குப் போகும் குழுக்கள் முரசுக் கோபுரத்தின் கீழே நுழைந்து, உணவுத் தெருவின் நெரிசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. அதே தெருவின் பக்கத்துச் சந்தில் சியானின் பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. 742-இல் நிறுவப்பட்டது என்பது மரபு. இன்றைய கட்டடங்கள் மிங் காலத்தில் தொடங்கி எழுந்தவை. வளைந்த கூரைகள், மரத் தோரண வாயில்கள், ஒன்றன்பின் ஒன்றாக முற்றங்கள் என்று முழுவதும் சீனக் கோயிலின் அமைப்பே. ஆனால் சீனக் கோயில்கள் பொதுவாகத் தெற்கு நோக்கி அமைய, இந்த வளாகம் மக்காவை நோக்கி மேற்காக நீள்கிறது. தொழுகைக் கூடத்துக்குள் மற்றவர்கள் போகக் கூடாது, வாசலில் நின்று பார்க்கலாம். தெருவின் இரைச்சலிலிருந்து இங்கே வந்து மர நிழலில் முதியவர்கள் உட்கார்ந்து ஓய்வெடுக்கவும் முடியும்.

பினாங்கு நண்பர்

கடைகள் நீங்கினால் உங்களுக்கு இடம் கிடைத்துவிடும் ஐயா. அந்த நேரத்தைக் கல்வெட்டுக் காட்டுக்குக் கொடுங்கள் என்று பரிந்துரைக்கிறேன். 1087-இல் தொடங்கிய தொகுப்பு அது. 837-இல் முடிக்கப்பட்ட 114 கற்களில் கன்பூசிய மறைநூல்கள் இரு பக்கமும் பொறிக்கப்பட்டு நிற்கின்றன. மாணவர்களும் படியெடுப்பவர்களும் பிழையற்ற பாடத்தை இங்கே வந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம் என்பதற்காகவே நூலகத்தைக் கல்லில் அமைத்தார்கள். ஆசிரியர் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அந்த நகரில் இல்லை. அங்கே 781-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றைத் தேடிப் பாருங்கள். கிழக்குச் சிரிய மரபைச் சேர்ந்த கிறித்துவர்கள் 635-இல் சாங்கானுக்கு வந்ததைச் சொல்வது. தலைப்பில், தாமரை மலரின் மேல் சிறிய சிலுவை. பக்கங்களில் சீன எழுத்தோடு சிரியாக் எழுத்திலும் துறவிகளின் பெயர்கள். கண்ணாடித் தடுப்பு இருப்பதால் மேற்பகுதி எளிதில் கண்ணில் படாது, கழுத்தை உயர்த்தித்தான் பார்க்க வேண்டும்.

விமான நிலையம் போகும் நாளைப் பற்றியும் ஒரு யோசனை. நகரத்துக்கு வடக்கே, விமான நிலையத் திசையிலேயே ஹான் பேரரசர் சிங்கின் சமாதியான யாங்லிங் இருக்கிறது. குழுக்கள் பெரும்பாலும் போவதில்லை என்பதால் கூட்டமே இருக்காது. குழிகளின் மேல் கண்ணாடித் தளம் அமைத்திருப்பதால், மண்ணில் கிடக்கும் பொம்மைகளை நேர் கீழே பார்த்தபடி நடக்கலாம். அவை சின் படைவீரர்களைப் போல ஆளுயரமானவை அல்ல. ஏறத்தாழ 60 சென்டிமீட்டர்தான். கைகள் மரத்தாலும் உடைகள் துணியாலும் செய்யப்பட்டிருந்ததால் அவை மக்கிப்போய், உடல்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. ஆடு, பன்றி, நாய், மாடு ஆகியவற்றின் சுடுமண் மந்தைகளும் வரிசை வரிசையாக உள்ளன. சின் பேரரசரின் குழிகளைப் பார்த்த மறுநாளே இதையும் பார்ப்பவர்கள், ஒரு நூற்றாண்டுக்குள் அரசக் கல்லறையில் என்ன மாறியது என்பதைத் தாமே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பகல் விமானமாக இருந்தால் காலை எட்டரைக்குள் விடுதியை விட்டுக் கிளம்புமாறு ஏற்பாடு செய்யுங்கள். பெட்டிகள் பேருந்திலேயே இருக்கட்டும். யாங்லிங் காட்சிக்கூடத்தின் உள்ளே வெளிச்சம் குறைவு, குளிரும் சற்றுக் கூடுதல். முதியவர்கள் ஒரு மேலாடையைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.